ஃபிஷ்ஃபைண்டர் வாங்குமுன் டிரான்ஸ்டியூசரைத் தீர்மானியுங்கள்

மீனையும் கடல்தரையையும் திரையில் காட்டும் ஃபிஷ்ஃபைண்டர் வாங்கப் போனால் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச் வேணும் அண்ணை?" ஐந்தா, ஏழா, ஒன்பதா என்று பேரம் நடக்கும். கையிலிருக்கும் காசு முழுக்கத் திரைக்குப் போய்விடும். பெட்டியின் அடியில் கறுப்பு வயரோடு சுருண்டு கிடக்கும் டிரான்ஸ்டியூசர் எந்த வகை, தன் வள்ளத்துக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் குறைவு. கடலுக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்கும் காது அதுதான். அது கேட்காத எதையும் ஒன்பது இஞ்ச் திரையாலும் காட்ட முடியாது. ஐந்து இஞ்ச் திரையும் சரியான இடத்தில் பூட்டிய சரியான டிரான்ஸ்டியூசரும், ஒன்பது இஞ்ச் திரையோடு தவறான இடத்தில் தொங்கும் டிரான்ஸ்டியூசரை விட நன்றாக மீன் காட்டும். காசு மட்டாக இருந்தால் திரையில் இரண்டு இஞ்ச் குறையுங்கள்.

தெரிவுக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: எத்தனை பாகம் ஆழத்தில் மீன் பிடிக்கிறீர்கள், வள்ளத்தின் அடி எதனால் ஆனது, இரவில் வள்ளம் எங்கே கிடக்கிறது. மூன்றாவதை வெளிநாட்டு வழிகாட்டிகள் கண்டுகொள்வதில்லை, அங்கே வள்ளங்கள் ட்ரெய்லரிலோ மரீனாவிலோ கிடப்பதால். கல்கிசையிலும் பாணந்துறையிலும் மணலில் இழுத்து ஏற்றும் 18 அடி ஃபைபர் வள்ளத்துக்கு அதுதான் முதல் கேள்வி.

ஆழமும் அலைவரிசையும்

ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.83 மீட்டர். "பதினைஞ்சு பாகத்தில பார் இருக்கு" என்று முகத்துவாரத்துத் தொழிலாளி சொன்னால் 27 மீட்டரில் கற்பாறைத் தரை என்று பொருள். கொழும்புக் கரையிலிருந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் போகும் வள்ளங்கள் பெரும்பாலும் 10 முதல் 60 மீட்டர் ஆழத்தில்தான் சுற்றுகின்றன. கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டினால் தரை நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும். ஆனால் அங்கே போகிறவர்கள் சூரைக்கும் கொப்பரனுக்கும் மேல் நீரில் இழுவைத் தூண்டில் ஓட்டுகிறவர்கள். தரையைப் பார்க்கும் தேவை அவர்களுக்குக் குறைவு. எனவே "ஆயிரம் மீட்டர் ஆழம் காட்டும்" என்ற விளம்பர வரிக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 50 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர், 200இல் 7.5 மில்லிமீட்டர், 800இல் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலை குறுகக் குறுக விவரம் கூடும், எட்டும் தூரம் குறையும். உப்புநீர் உயர்ந்த அலைவரிசைகளை நன்னீரை விடப் பல மடங்கு விழுங்குகிறது. அமெரிக்க ஏரிகளில் எடுத்த யூடியூப் காணொளிகளைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். 455, 800 கிலோஹேர்ட்ஸில் மரக்கிளை கிளையாகத் தெரியும் அந்தப் படங்கள் நன்னீரில் எடுத்தவை. பொல்கொட ஏரியில் நீங்களும் அதை எதிர்பார்க்கலாம். வெளிக்கடலில் 800ஐ இருபது, இருபத்தைந்து மீட்டருக்குமேல் நம்பாதீர்கள். கப்பல் சிதைவின் வடிவத்தையோ பாரின் விளிம்பையோ பார்க்க 455 உதவும். ஆனால் நாள் முழுக்க வேலை செய்யப் போவது 200ஐச் சுற்றிய அலைவரிசைதான்.

50 கிலோஹேர்ட்ஸ் ஆழத்துக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதன் ஒலி கீழே விரியும் கூம்பு அகலமானது என்பதையும் ஒரு நல்ல பண்பாகச் சொல்லி விற்பார்கள். இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கலாம்.

எஞ்சின் தொங்கும் பின்பலகையில் பூட்டும் 600 வாட் டிரான்ஸ்டியூசர்களில் பரவலாக விற்கும் ஏர்மார் நிறுவனத்தின் பி66ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூம்பு 50 கிலோஹேர்ட்ஸில் 45 பாகை, 200இல் 11 பாகை. 30 மீட்டர் ஆழத்தில் 45 பாகைக் கூம்பு தரையில் போடும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 25 மீட்டர். 11 பாகைக்கு 5.8 மீட்டர். அகலம் கூடினால் கூடுதல் மீன் தெரியும், உண்மைதான். ஆனால் கருவிக்குத் திசை தெரியாது, நேரம் மட்டுமே தெரியும். நேர் கீழே உள்ள தரை 30 மீட்டர். கூம்பின் ஓரத்தில் உள்ள தரை சாய்வாகப் போவதால் 32.5 மீட்டர். முதலில் திரும்பி வரும் எதிரொலியை வைத்து 30 மீட்டரில் தரையின் கோடு விழுந்துவிடும். கூம்பின் ஓரத்தில், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கும் கலவாயின் எதிரொலி தரையின் எதிரொலிக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. திரையில் அது தரைக்குள் புதைந்துவிடும். இந்த மறைவு 45 பாகையில் ஓரத்தில் 2.5 மீட்டர் வரை போகும். 11 பாகையில் அதே ஆழத்தில் 14 சென்டிமீட்டர்தான்.

பாரிலும் சிதைவிலும் தரையை ஒட்டி நிற்கும் மீனுக்குத் தூண்டில் இறக்குகிறவருக்கு இதைவிட முக்கியமான எண் இல்லை. 1917 பெப்ரவரியில் ஜெர்மன் கப்பல் வூல்ஃப் விதைத்த கண்ணிவெடிகளில் கொழும்புக்கு வெளியே மூழ்கிய வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் போன்ற சிதைவுகளின் மேலே 50இல் ஓடினால் ஒரு மழுங்கிய மேடுதான் தெரியும். மேட்டின் சரிவில் நிற்கும் மீன் மேட்டோடு கலந்துவிடும். 200க்கு மாற்றுங்கள்: அதே மேட்டின் பக்கச் சுவர் செங்குத்தாகும், பக்கத்தில் மீன் பிரிந்து தெரியும். அகலக் கூம்பு தேடுவதற்கு, ஒடுங்கிய கூம்பு தூண்டில் போடுவதற்கு. இரண்டும் உள்ள டிரான்ஸ்டியூசர் வாங்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 60 மீட்டருக்கு உட்பட்ட கொழும்புக் கடலுக்கு 200ஐத் தேர்ந்தெடுங்கள்.

சிர்ப் என்ற சொல் இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. ஒரே அலைவரிசையில் தட்டுவதற்குப் பதிலாக, கீழிருந்து மேலாக ஒரு வரிசையைச் சீழ்க்கை போல இழுத்து அனுப்புவதுதான் அது. பழைய முறையில் 1 மில்லிசெக்கன் துடிப்பு அனுப்பினால், மேலும் கீழுமாக 75 சென்டிமீட்டருக்குள் நிற்கும் இரண்டு மீன் ஒன்றாகத் தெரியும். 40 கிலோஹேர்ட்ஸ் அகலமான சிர்ப்பில் அந்த இடைவெளி கணக்குப்படி 2 சென்டிமீட்டருக்கு இறங்குகிறது. வித்தியாசம் மெய்யானது. ஆனால் அதைக் கருவி மட்டும் செய்ய முடியாது; டிரான்ஸ்டியூசருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் பீங்கானும் அந்த அகலத்துக்கு அதிர வேண்டும். சிர்ப் கருவியில் பழைய 50/200 டிரான்ஸ்டியூசரைக் கொளுவினால் கிடைப்பது சிர்ப் என்ற பெயர் மட்டுமே. ஏர்மார் டி.எம். 150 போன்றவை 95 முதல் 155 கிலோஹேர்ட்ஸ் வரை இழுக்கக்கூடியவை. நம் ஆழங்களுக்கு அந்த நடுத்தர வரிசை ஒரு நல்ல சமரசம்: கூம்பு 200ஐ விட அகலம், 50ஐ விட ஒடுக்கம்.

வாட் பற்றி ஒரே எச்சரிக்கை. பெட்டியில் 4000 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது உச்சத்திலிருந்து உச்சம் வரை அளந்த கணக்கு. எட்டால் வகுத்தால் உண்மையான சராசரி வலு, அதாவது ஆர்.எம்.எஸ்., 500 வாட் வரும். ஒப்பிடும்போது ஆர்.எம்.எஸ். எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். 100 மீட்டருக்கு உள்ளே 500, 600 வாட் தாராளம். 1 கிலோவாட் டிரான்ஸ்டியூசரின் உண்மையான பயன் அதன் பெரிய பீங்கான். அதற்குப் பெரிய ஓட்டையும் பெரிய விலையும் உண்டு. மாறாக, 1 கிலோவாட் கருவியை 600 வாட் டிரான்ஸ்டியூசரில் கொளுவி, அமைப்பில் வாட்டைக் குறைக்காமல் விட்டால் பீங்கான் போய்விடும்.

எல்லா மீனும் ஒரே மாதிரித் தெரிவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி டிரான்ஸ்டியூசர் மேல்தான் விழுகிறது. எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. கலவாய்க்கும் விளைமீனுக்கும் அது உண்டு. தடித்த வளைவாக விழும். அறுக்குளாவுக்கும் வரிச்சூரைக்கும் காற்றுப்பை கிடையாது. ஒரு மீட்டர் நீள அறுக்குளா வள்ளத்துக்கு அடியால் போனாலும் மெல்லிய கீறல்தான் தெரியும். "பத்து அறுக்குளா பிடிச்சன், திரையில ஒண்டுமில்லை" என்கிறவரின் கருவி பழுதில்லை.

வள்ளம் எங்கே தூங்குகிறது

டிரான்ஸ்டியூசரைப் பூட்ட மூன்று வழி: பின்பலகையில், அடியைத் துளைத்து, அடியைத் துளைக்காமல் உள்ளே ஒட்டி.

மணலில் இழுக்கும் வள்ளத்தின் அடியில் எதுவும் துருத்தக் கூடாது. வெண்கலமாக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் மணல் அரைத்தால் முகம் கீறும். உருளைக் கட்டையில் ஒருமுறை மாட்டினால் தண்டோடு வளையும், தண்டு வளைந்த இடத்தால் தண்ணீர் ஏறும். இப்படிப்பட்ட வள்ளத்துக்குப் பின்பலகை வகைதான், அதிலும் அடிபட்டால் மேலே மடங்கும் பிரக்கெட் உள்ளது. அல்லது உள்ளே ஒட்டும் வகை. திக்கோவிட்ட, பேருவளைத் துறைமுகங்களிலோ பொல்கொட ஏரியிலோ தண்ணீரிலேயே கிடக்கும் பெரிய வள்ளத்துக்கு அடியைத் துளைப்பது தகும், ஓட்டத்தில் அதுதான் துல்லியமானதும்கூட. ஆனால் அங்கே இன்னொரு எதிரி: பாசியும் சிப்பியும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

உள்ளே ஒட்டும் வகை மணலில் இழுக்கும் வள்ளத்துக்காகவே செய்தது போலத் தோன்றும். ஓட்டையில்லை, உடைய ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஒட்டும் இடத்தில் அடி முழுக்க முழுக்கக் கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோம், பல்சா மரம், பிளைவுட், காற்றுக்குமிழ் எது இருந்தாலும் ஒலி அங்கேயே நின்றுவிடும். உள்ளூரில் கையால் பூசி வார்க்கும் ஃபைபர் வள்ளங்களில் அடியின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். தளத்தின் கீழ் மிதப்புக்காக ஃபோம் ஊற்றியிருப்பார்கள். செய்தவரிடம் கேட்பதோடு நிற்காமல் சோதித்துப் பாருங்கள். ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் மூழ்கவிட்டுக் கட்டுங்கள், உள்ளே காற்று தங்கக் கூடாது. வள்ளத்தின் உட்புற அடியில் சிறிது தண்ணீர் ஊற்றிப் பையை அதன்மேல் அழுத்துங்கள். ஆழம் தெரிந்த இடத்தில் நங்கூரம் போட்டு, முதலில் டிரான்ஸ்டியூசரை வெளியே தண்ணீரில் தொங்கவிட்டுத் திரையைப் படமெடுங்கள். பிறகு பையோடு உள்ளே வைத்து ஒரே உணர்திறன் அளவில் இன்னொரு படம். இரண்டாவதில் தரையின் கோடு மெலிந்து, மீன் குறிகள் காணாமல் போனால் அந்த இடம் வேண்டாம். ஒரு சாண் தள்ளி வைத்துத் திரும்பச் சோதியுங்கள். எங்கும் சரிவரவில்லையென்றால் உள்ளே ஒட்டும் யோசனையையே விடுங்கள்.

கெட்டி ஃபைபரிலும் ஒலி போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் அடியால் கடந்து வலு இழக்கிறது. 200இல் 40 மீட்டருக்கு இது பிரச்சினையில்லை. 455, 800 படங்களும், வள்ளத்தின் இருபுறத்தையும் காட்டும் பக்கப் பார்வையும் அடிக்கு உள்ளிருந்து வராது. காட்டும் வெப்பநிலையும் கடலுடையதல்ல, வள்ளத்தின் வயிற்றுடையது. எப்பொக்சியால் நேரே ஒட்டினால் குமிழ் ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. கொழும்பு வெயிலில் நண்பகல் வேளையில் குழைத்த எப்பொக்சி கோப்பையிலேயே சூடேறி, குமிழ் மேலே வருமுன் இறுகிவிடும். விடியற்காலையில், மெதுவாக இறுகும் ஹார்ட்னரோடு, சிறிய அளவாகக் குழையுங்கள். ஒட்டும் இடம் எலும்பாக உலர்ந்திருக்க வேண்டும். ஏர்மார் பி79 போலத் தொட்டியோடு வருபவற்றில் இந்தத் தலைவலி குறைவு: தொட்டியை ஒட்டிவிட்டு அதற்குள் புரொப்பிலீன் கிளைக்கோல் ஊற்றுகிறோம். 22 பாகை வரை அடிச்சரிவைத் திருப்பி நேராக்கிக்கொள்ளவும் முடியும்.

அடியைத் துளைப்பதென்றால் அடியின் வீ வடிவச் சரிவை முதலில் அளங்கள். வள்ளத்தைச் சமமாக நிறுத்தி, துளைக்கப்போகும் இடத்தில் போனின் மட்டம் பார்க்கும் செயலியை வைத்தால் பாகை தெரியும். பீங்கான் உள்ளேயே சாய்த்துப் பொருத்திய வகைகள் 12 பாகை, 20 பாகை என்று வருகின்றன. சரிவு 8 முதல் 15 பாகை என்றால் 12ஐயும், 16 முதல் 24 என்றால் 20ஐயும் வாங்க வேண்டும். அளக்காமல் வாங்கிய 20 பாகைத் துண்டைத் தட்டையான அடியில் பூட்டினால் கூம்பு நேர் கீழே பார்க்காமல் பக்கமாகப் பார்க்கும். ஆழம் கூடுதலாகக் காட்டும், மீன் வளைவு விழாது. உலோகம் பற்றி: ஃபைபர் அடிக்கு வெண்கலமும் சரி, பிளாஸ்டிக்கும் சரி. மர அடிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், மரம் ஊதிப் பிளாஸ்டிக்கை உடைக்கும். அலுமினிய அடியில் வெண்கலம் வைத்தால் அலுமினியம் அரிக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக்.

பின்பலகையில் மூன்று மில்லிமீட்டர்

பெரும்பாலான சிறு வள்ளங்களுக்குக் கடைசியில் வந்து நிற்பது பின்பலகை வகைதான். தவறுகள் குவிவதும் அங்கேதான். கருவியைக் குறைசொல்லும் பத்தில் எட்டுப் பேர் உண்மையில் குறைசொல்வது அந்த இடத்தை. (எட்டு என்பது எண்ணிப் பார்த்ததல்ல, சலிப்பின் அளவு.)

டிரான்ஸ்டியூசரின் முகத்தை ஒட்டி ஓடும் தண்ணீரில் குமிழ் இருக்கக் கூடாது. ஒரு மெல்லிய காற்றுப் படலம் போதும், ஒலி வெளியே போகாது. பின்னால் நின்று பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றைப் புரொப்பெல்லரென்றால், வலப்பக்கத்தில் இலைகள் கீழே இறங்குகின்றன, இடப்பக்கத்தில் குமிழோடு மேலே ஏறுகின்றன. அதனால் வலப்பக்கம். புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி, எஞ்சினை முழுக்கத் திருப்பினாலும் தொடாத இடமாக. அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்கு நேர் பின்னால் வேண்டாம். இரண்டு வரம்புக்கு நடுவே வையுங்கள். தண்ணீர் உறிஞ்சும் துளைகளுக்குப் பின்னாலும் வேண்டாம். மணலில் இழுக்கும் வள்ளங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அடி தேய்ந்த இடத்தில் ஃபைபர் ஒட்டுப் போட்டிருந்தால் அந்த ஒட்டின் விளிம்பு ஒரு குமிழ் உற்பத்திசாலை. நின்ற நிலையில் அருமையான படம், ஐந்து நொட் தாண்டினால் வெறும் கோடு என்றால், டிரான்ஸ்டியூசருக்கு நேர் முன்னால் அடியைக் கையால் தடவிப் பாருங்கள்.

துளைபோடுமுன் ஒரு காலைப் பொழுதைச் செலவழியுங்கள். ஒரு பலகைத் துண்டின் நுனியில் டிரான்ஸ்டியூசரைப் பூட்டி, பலகையைப் பின்பலகையில் இரண்டு ஜி-கிளாம்பால் இறுக்குங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் திரையைப் பார்க்க, வழக்கமான வேகத்தில் இரண்டு மூன்று இடத்தில் சோதியுங்கள். கயிறு ஒன்றைப் பாதுகாப்புக்குக் கட்ட மறக்க வேண்டாம்.

உயரம்: ஃபைபர் வள்ளத்தில் டிரான்ஸ்டியூசரின் முகம் அடிவிளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே. அலுமினியத்தில் 10 மில்லிமீட்டர். இன்னும் கீழே விட்டால் நன்றாகத் தெரியும் என்று இரண்டு விரல் இறக்குகிறவர்கள் உண்டு. அப்போது டிரான்ஸ்டியூசரே தண்ணீரை வெட்டித் தன் முகத்தில் குமிழை உண்டாக்குகிறது. எஞ்சின் மேல் சேவல் வால் போலத் தண்ணீர் பீச்சும். மணலில் ஏற்றும்போது முதலில் தட்டுவதும் அதுதான். 3 மில்லிமீட்டரில் தொடங்கி, ஓட்டத்தில் தரை அறுந்தால் மட்டும் இன்னும் 3 இறக்குங்கள். வள்ளம் மிதக்கும் நிலையில் முகம் தரையை நேராகப் பார்க்க வேண்டும். இதைத் திரையே சொல்லித்தரும்: மெதுவாக ஓடும்போது மீனின் வளைவு ஏறி இறங்காமல், ஏறுவதோடு நின்றால் டிரான்ஸ்டியூசரின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. இறங்கும் பாதி மட்டும் வந்தால் மூக்கு தாழ்ந்திருக்கிறது. பிரக்கெட்டில் ஒரு பல் மாற்றினால் சரியாகும்.

இனி துளை. பின்பலகையின் ஃபைபர் தோலுக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஸ்குரூ ஓட்டையால் இறங்கும் தண்ணீர் இரண்டு பருவத்தில் அந்தப் பிளைவுட்டைச் சாணியாக்கும், அதே பலகையில்தான் உங்கள் எஞ்சின் தொங்குகிறது. 4 மில்லிமீட்டர் ட்ரில் அலகில், 25 மில்லிமீட்டர் ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்துத் துளையுங்கள். முதல் சில சுற்றைப் பின்சுழலில் விட்டால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் சில்லுப் பறக்காது. இன்னும் நன்றாகச் செய்ய விரும்புகிறவர் 10 மில்லிமீட்டரில் துளைத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் 4 மில்லிமீட்டர் போடலாம். தண்ணீர் பிளைவுட்டைத் தொடவே தொடாது. ஸ்குரூ 316 தர எஃகு. கடற்பாவனைக்கான பொலியூரித்தேன் சீலன்ட் துளைக்குள்ளும் ஸ்குரூவின் கழுத்திலும். குளியலறைச் சிலிக்கன் நீர்மட்டத்துக்குக் கீழே நிற்காது. பொலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் இறுகுவது. கொழும்புக் காற்று அதற்கு வாய்ப்பானதுதான். ஆனாலும் ட்யூபில் எழுதியிருக்கும் நேரத்தைக் கொடுங்கள். நிரந்தரமாக ஒட்டும் வகை வேண்டாம், என்றோ ஒருநாள் கழற்ற வேண்டிவரும்.

டிரான்ஸ்டியூசரை நேரே பூட்டாமல், வெள்ளைப் பொலித்தீன் வெட்டுபலகைத் துண்டு ஒன்றைப் பின்பலகையில் பூட்டி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரைப் பூட்டுவது நல்ல பழக்கம். இடம் மாற்ற வேண்டிவந்தால் ஓட்டை வெட்டுபலகைக்குத்தான். சீலன்ட் பொலித்தீனில் ஒட்டாது. அதனால் பலகைக்குப் பின்னால் பூசியதை நம்பாமல், ஃபைபரின் ஒவ்வொரு துளையையும் தனித்தனியே அடையுங்கள்.

இந்த வேலைக்கு மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவம் வசதி. மேற்குக் கடல் கொந்தளிக்கும் நாள்களில் வள்ளம் எப்படியும் கரையில்தானே கிடக்கிறது. உலர்ந்த இரண்டு நாள் கிடைப்பதுதான் பாடு.

வயர், பற்றரி, இரைச்சல்

டிரான்ஸ்டியூசர் கேபிளை வெட்டி நீட்டாதீர்கள், வெட்டிக் குறைக்கவும் வேண்டாம். மிஞ்சியதைத் தளர்வான எட்டு வடிவில் மடித்துக் கட்டுங்கள். எஞ்சின் வயர்களோடும் வீ.எச்.எஃப். ரேடியோவின் அன்டெனாக் கேபிளோடும் ஒரே குழாயில் விடாதீர்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சினுள்ள வள்ளத்தில் பற்றரியே இருக்காது; 5 இஞ்ச் கருவி ஒன்று ஒரு அம்பியருக்குக் குறைவாகத்தான் இழுக்கும், 12 வோல்ட் 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி ஒரு காலைக்குப் போதும். மின்ஸ்டார்ட் உள்ள வள்ளமென்றால் கருவிக்குத் தனிப் பற்றரி நல்லது, ஸ்டார்ட் பண்ணும்போது வோல்ட் விழுந்து கருவி அணைவது நிற்கும். ஃபியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே. அளவு கையேட்டில் உள்ளபடி, சிறிய கருவிகளுக்குப் பெரும்பாலும் 3 அம்பியர்.

திரையில் புள்ளி மழை பெய்தால் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்துப் பாருங்கள்: சுத்தமா? எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு மெல்ல ஏற்றுங்கள்: இப்போது புள்ளி வந்தால் அது மின்சார இரைச்சல், வயரை நகர்த்த வேண்டும். நியூட்ரலில் சுத்தமாக இருந்து ஓடும்போது மட்டும் வந்தால் அது குமிழ், டிரான்ஸ்டியூசரை நகர்த்த வேண்டும். பக்கத்து வள்ளம் நெருங்கும்போது மட்டும் சாய்ந்த கோடுகள் விழுந்தால் அவரும் உங்கள் அலைவரிசையில் தட்டுகிறார், 200இலிருந்து மாறுங்கள். களனி வாயிலுக்கு வெளியே மழைக்குப் பிறகு வரும் கலங்கல் வேறு கதை: ஆற்றுநீர் கடல்நீரின் மேல் படலமாக மிதக்கும், அந்த எல்லை திரையின் மேற்பகுதியில் மங்கலான பட்டையாக விழும். உணர்திறனைக் கொஞ்சம் குறைத்தால் போதும், ஒன்றையும் கழற்ற வேண்டாம்.

ஆழம், கயிற்றில் இறக்கி அளக்கும் ஈயக்குண்டோடு ஒத்துவரவில்லை என்ற முறைப்பாட்டுக்கும் விடை இருக்கிறது. கருவி செக்கனுக்கு 1500 மீட்டர் என்று வைத்துக் கணக்குப்போட்டால், 28, 29 பாகை வெப்பமான நம் கடலில் ஒலி ஏறத்தாழ 1540இல் ஓடுகிறது. 50 மீட்டருக்கு 1.3 மீட்டர் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவது வள்ளத்துக்குப் பாதுகாப்பான பக்கம்தான். ஈயக்குண்டை வீசிவிடவும் வேண்டாம். அதன் அடியில் சவர்க்காரம் பூசி இறக்கினால் ஒட்டி வரும் மணலோ சேறோ, திரையில் தடித்த கோடு எது, மெல்லிய கோடு எது என்று உங்கள் கண்ணுக்குப் பழக்கித்தரும்.

கொளுவியும் பழைய சரக்கும்

டிரான்ஸ்டியூசரையும் கருவியையும் தனித்தனியே வாங்குகிறவர்கள் கேபிளின் நுனியிலுள்ள கொளுவியின் முள்ளை எண்ணிப் பார்க்க வேண்டும். கார்மின் கருவிகளில் 4, 8, 12 முள் என்று உண்டு. லோரன்ஸில் 7, 9. ஹம்மின்பேர்டில் 7, 14. மாற்றுக் கொளுவிகள் கிடைக்கும். ஆனால் முள் பொருந்துவதும் கருவி அந்த டிரான்ஸ்டியூசரை ஏற்பதும் வேறு வேறு. கருவித் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் அந்த மாதிரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

பாவித்தது வாங்கினால் முதலில் கேபிளை முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். வெட்டோ ஒட்டோ தட்டுப்பட்டால் வேண்டாம். கொளுவியின் முள்ளில் பச்சை பிடித்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. கருவியில் கொளுவி டிரான்ஸ்டியூசரைக் காதருகே பிடித்தால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். காற்றில் நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள், சூடேறும். ஏர்மார் வகைகளில் வெப்பமானி வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 25 பாகையில் 10 கிலோ ஓம் வரும். கொழும்பில் ஏசி இல்லாத கடையில் 30 பாகையில் 8 கிலோ ஓம் அளவு. முடிவிலி காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, பூச்சியம் காட்டினால் உள்ளே ஷார்ட், தண்ணீர் புகுந்திருக்கலாம்.

தண்ணீரிலேயே கிடக்கும் வள்ளத்தில் நம் வெதுவெதுப்பான கடல் சில வாரத்திலேயே டிரான்ஸ்டியூசரின் முகத்தில் பாசி படியவைக்கும், பிறகு சிப்பி ஒட்டும். சிப்பிக்கும் முகத்துக்கும் இடையே சிக்கும் காற்று படத்தை மெல்ல மெல்லக் கெடுப்பதால் உடனே தெரியாது. உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பாசிக்கு மென்துணியும் பாத்திரம் கழுவும் திரவமும், சிப்பிக்குப் பிளாஸ்டிக் சுரண்டி. கத்தியும் அசிட்டோனும் வேண்டாம், இரண்டும் முகத்தைத் தின்னும். பாசிதடுப்புப் பூச்சு அடிப்பதென்றால் நீர் கலந்த வகை மட்டும், அதுவும் மெல்லிய ஒரு பூச்சு. வள்ளத்தின் அடிக்கு அடிக்கும் கரைப்பான் கலந்த பூச்சைத் தூரிகை மிச்சத்தோடு டிரான்ஸ்டியூசரிலும் இழுத்துவிடுவது துறைமுகங்களில் வழக்கம். பூசுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி, முகத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பூட்டி முடித்த முதல் நாளில், அடையாளம் தெரிந்த ஒரு பாரின் மேல் நின்று, உணர்திறன் எண்ணும் அலைவரிசையும் தெரியும்படி திரையைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாரில், அதே எண்ணில் இன்னொன்று. இரண்டாவது படத்தில் தரையின் கோடு மெலிந்திருந்தால் புதுக் கருவி பார்க்கக் கடைக்குப் போகுமுன் வள்ளத்துக்கு அடியில் இறங்கிப் பாருங்கள்.